கெண்டைக்குப் புள்ளி வைத்த கதை

சிவகாசியில் அச்சுத் தொழில் செய்கிறவனுக்குப் புள்ளி என்றால் எதிரி. மெஷினில் ஒரு தூசி விழுந்தால் போதும், அது மையைக் கவ்விக்கொண்டு சாமி படத்தின் கன்னத்தில் மச்சமாகப் போய் உட்காரும். பட்டாசுப் பெட்டி லேபிளில் சிரிக்கிற குழந்தைக்கு மீசை முளைக்கும். ஆர்டர் கொடுத்தவர் மொத்த லோடையும் திருப்பி அனுப்பிவிடுவார்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். லேபிள் கட்டுகளைத் தலையில் சுமந்து, பிறகு மெஷினுக்கு எண்ணெய் விட்டு, பிறகு மெஷினையே வாங்கியவன். இன்றைக்கு நாலு கலர் மெஷின் இரண்டு ஓட்டுகிறேன் என்றால் அதற்குக் காரணம் என் கண். ஓடுகிற மெஷினிலிருந்து ஒரு தாளை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தடவை சாய்த்தால் போதும். எங்கே புள்ளி இருக்கிறதோ அங்கே விரல் தானாகப் போகும். இதைச் சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைதான், ஆனால் சும்மா இல்லை.

இப்படிப்பட்டவன் வீட்டுக்கு மருமகளாக வந்தவள் மீன் படித்தவள். பெண் பார்க்கப் போனபோதே சொன்னார்கள். தூத்துக்குடிக்காரப் பிள்ளை, கடல் மீனாகத்தான் இருக்கும், சீலா, பாறை என்று குழம்புக்கு ஆகும் என்று நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். கல்யாணம் முடிந்து விருதுநகரில் ஒரு கல்லூரியில் டீச்சராகச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அவளுக்குக் கடல் வேண்டாம், எங்கள் வைப்பாறுதான் வேண்டும் என்று. அவ்வளவு பெரிய கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வைப்பாற்றில் மீன் தேடி வந்தவள் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

எங்கள் வைப்பாற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேற்கே மலையில் பிறந்து, சாத்தூர் வழியாக வந்து, இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியைச் சேர்த்துக்கொண்டு கிழக்கே கடலுக்குப் போகிறது. போகிறது என்றால், மழை பெய்த வருஷம் போகும். மற்ற வருஷங்களில் போவதாக நினைத்துக்கொண்டு படுத்திருக்கும்.

"இந்த ஆத்துல என்னம்மா மீன் இருக்கப்போகுது?" என்று ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டேன்.

"ஆறு வத்துனா மீன் ஊரவிட்டா போயிரும் மாமா? கண்மாய், பள்ளக் கிடங்கு, ஆழமான கசம்னு எங்கனயாவது ஒதுங்கித்தான் கெடக்கும். எந்த மீனு எந்தக் கண்மாயில ஒதுங்குதுன்னு பாத்தாப் போதும், இந்த ஆத்தோட பூர்வீகமே தெரிஞ்சிரும்."

"மீனைப் பத்தி நீ எனக்குச் சொல்றியாக்கும். ஆத்துமீனு மொத்தம் மூணே வகைதான் தாயி. தொண்டையில குத்துறது கெண்டை. கையில குத்துறது கெளுத்தி. குத்தாம வழுக்கி ஓடுறது விரால். அம்புட்டுத்தான்."

அவள் சோற்றில் கைவைத்தபடியே சிரித்தாள். "இது மீனை வச்சுப் பிரிச்சது இல்ல மாமா. உங்களுக்கு எங்கன வலிச்சதுங்கிறத வச்சுப் பிரிச்சது."

என் முகத்துக்கு நேராக இப்படிப் பேசுகிற ஆள் வீட்டில் அவள் ஒருத்திதான். அதனால் எனக்கு அவள்மேல் தனி மதிப்பு. அதை அவளிடம் சொன்னதில்லை.

போன மார்கழிக்குக் கொஞ்சம் முந்தி அவள் ஒரு வேலையோடு பிரஸ்ஸுக்கு வந்தாள். வைப்பாற்று மீன்களை எல்லாம் போட்டு ஒரு பெரிய சார்ட் அடிக்க வேண்டும். நடுவில் ஆற்றின் வரைபடம். மலையடிவாரத்தில் இருக்கிற மீன், நடுவில் இருக்கிற மீன், கடலுக்குக் கிட்டத்தில் இருக்கிற மீன் என்று அந்தந்த இடத்துக்கு நேராகப் படம். போட்டோ எல்லாம் அவளே எடுத்தது. இதுவரை கெண்டைக்கு யாரும் இப்படிப் போட்டோ எடுத்திருக்க மாட்டார்கள். பக்கவாட்டில், துடுப்பை விரித்து, பாஸ்போர்ட்டுக்குக் கொடுக்கிற மாதிரி ஒவ்வொன்றும் கம்பீரமாக நின்றது.

சார்ட் எதற்கு என்றால், அவள் கல்லூரியில் ஒரு கூட்டம். அதற்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வருகிறார். மீன் விஷயத்தில் அவர் சொன்னால் மறுபேச்சு இல்லையாம். இரண்டு கெண்டை விஷயத்தில் அவருக்கும் இவளுக்கும் ஆகவில்லை. மலையடிவாரத்துக் கண்மாயில் இருக்கிற கெண்டையும் இருக்கன்குடிக்குக் கீழே இருக்கிற கெண்டையும் வேறு வேறு என்பது இவள் கட்சி. இரண்டும் ஒன்றுதான், தண்ணீருக்குத் தக்கபடி உடம்பு கொஞ்சம் மாறியிருக்கும் என்பது அவர் கட்சி. அவரை நேரில் ஒப்புக்கொள்ள வைத்தால்தான் இவள் எழுதி வைத்திருப்பதை நாலு பேர் ஏற்பார்கள். இல்லையென்றால் வருஷக்கணக்காகக் கண்மாய் கண்மாயாகச் சேற்றில் நின்றது வெறும் சேற்றில் நின்றதுதான்.

அவை எதனால் வேறு வேறு என்றும் அவள் சொல்லியிருப்பாள். நான் அந்த நேரம் வரைபடத்தில் ஆற்றுக்கு என்ன நீலம் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, சீசன் நேரம். உங்களுக்குக் கஷ்டம்னா மதுரையில குடுத்து அடிச்சுக்கிறேன்."

"மதுரையிலயா? மதுரைக்காரன் காலண்டருக்கே இங்கன வந்து நிக்கான். நீ வீட்டுக்குப் போ. சார்ட் வரும். மீனு சும்மா நீந்தும்."

காலண்டர் வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு நானே பக்கத்தில் நின்றேன். கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன் நல்ல வேலைக்காரன். செதிலுக்கு வெள்ளிப் பளபளப்பு ஏற்றினான். விராலுக்கு முதுகில் மினுக்கம் கொடுத்தான். புஸ்வாணப் பெட்டி லேபிள் போட்ட கை, சும்மா இருக்குமா? கெண்டைக்கு வந்ததும் நிறுத்திவிட்டான்.

"அண்ணாச்சி, இங்கன மீன் மேல புள்ளி விழுந்திருக்கு. இந்தப் படத்துல ஒண்ணு. அந்தப் படத்துல ரெண்டு."

கண்ணாடியைப் போடாமலே பார்த்தேன். கறுப்பாக, வட்டமாக, மெஷினில் விழுகிற புள்ளிக்கு அண்ணன் மாதிரி இருந்தது. "கேமராவுல அழுக்கு. தொடச்சு எடு."

"டீச்சரக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிருவோமா?"

"ஏலே, அவுக மீனுக்கு டீச்சர். புள்ளிக்கு நான் டீச்சர். தொடச்சு எடு."

தொடைத்து எடுத்தான். இரண்டு கெண்டையும் குளித்துப் பவுடர் போட்ட மாதிரி ஆகிவிட்டன. சார்ட் அடித்து, கூட்டம் முடிந்து பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்கும்போது கிழியாமல் இருக்கட்டும் என்று மேலே பிளாஸ்டிக் உறையும் ஒட்டிவிட்டோம். ஒட்டிய பிறகு ஒரு தாளை ஜன்னலில் சாய்த்துப் பார்த்தேன். எங்கேயும் ஒரு புள்ளி இல்லை. இப்படி ஒரு சுத்தமான வேலை எங்கள் பிரஸ்ஸில்கூட நடந்ததில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் காலையில் மருமகள் சார்ட்டை வாங்க வந்தாள். மேஜையில் விரித்தோம்.

"அழகா இருக்கு மாமா," என்றாள். அப்புறம் குனிந்தாள். ரொம்ப நேரம் நிமிரவில்லை.

"இந்தக் கெண்டைக்கும் அந்தக் கெண்டைக்கும் என்ன மாமா வித்தியாசம்?"

"கீழ பேரு வேற வேற போட்டிருக்கே தாயி."

"பேரை எடுத்துட்டுப் பாருங்க."

இரண்டு பேரையும் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தேன். ஒரே ஆள் இரண்டு தடவை ஸ்டுடியோவுக்குப் போன மாதிரி இருந்தது.

"இங்கன வால்கிட்ட ஒரு புள்ளி இருந்துச்சே. அங்கன வால்கிட்ட ஒண்ணு, செவுளுக்குப் பின்னால ஒண்ணு இருந்துச்சே. அதெல்லாம் எங்க?"

"அது அழுக்குல்லா. சுத்தம் பண்ணியாச்சு."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கும் பதிலுக்குச் சத்தம் போட ஒரு வழி கிடைத்திருக்கும். நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டாள்.

"மாமா, அந்தப் புள்ளிதான் மாமா மீனு. கீழாத்துக் கெண்டைக்கு ஒண்ணு, மேலாத்துக் கெண்டைக்கு ரெண்டு. அதை வச்சுத்தான் நான் பிரிச்சிருக்கேன். நாளைக்கு அந்தப் பேராசிரியர் வந்து இதைப் பாத்தா, 'நான் சொன்னதைத்தானேம்மா நீயும் அச்சடிச்சு வச்சிருக்க'ன்னு கேப்பாக. என் காசு போட்டு அவுக கட்சிக்கு நோட்டீஸ் அடிச்ச மாதிரி ஆயிப்போச்சு."

டிசைன் போடுகிறவன் தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி வெளியே போய்விட்டான். விவரமானவன்.

மறுபடி முழுசாக அடிக்க வழியில்லை. இரண்டு மெஷினிலும் காலண்டர் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினாலும் அடித்து, ஒட்டி, வெட்டி மறுநாளுக்குள் முடியாது. அந்த இடத்தில் வேறு எவனாக இருந்தாலும் கையைப் பிசைந்திருப்பான். நான் மூலையில் கிடந்த பழைய ஒற்றைக் கலர் மெஷினைப் பார்த்தேன். கல்யாணப் பத்திரிகையும் பில் புக்கும் அடிக்க வைத்திருப்பது.

"புள்ளியை மட்டும் தனியா ஒரு பிளேட் போடு," என்றேன் மெஷின்மேனிடம்.

அவர் என் வயசுக்காரர். வாழ்நாள் முழுக்கப் புள்ளியை விரட்டியவர். "வெறும் புள்ளியாவா அண்ணாச்சி? வேற ஒண்ணுமே இல்லாமலா?"

"வேற ஒண்ணுமே இல்லாம."

"இம்புட்டு நாளா புள்ளி விழுந்தா ஏச்சு. இப்ப விழுகலன்னா ஏச்சா?" என்று முனகிக்கொண்டே போனார். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். "பிளாஸ்டிக் மேல மை லேசுல காயாது, பாத்துக்கோங்க." காதில் விழுந்தது. விழுந்ததோடு சரி.

முதல் தாள் வந்தது. புள்ளி மீனை விட்டு ஆற்றில் விழுந்து கிடந்தது. அடுத்ததில் வயிற்றில் விழுந்தது. "ஐயோ மாமா, அம்மை போட்ட மாதிரி இருக்கு," என்றாள் மருமகள். அப்புறம் அவளே மெஷின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். இன்னும் கொஞ்சம் வாலுக்கு, இன்னும் ஒரு மயிரிழை மேலே என்று அவள் சொல்லச் சொல்ல மெஷின்மேன் நகர்த்தினார். மதியம் போல வால் புள்ளி வால் அடியில் வந்து நச்சென்று உட்கார்ந்தது. செவுள் புள்ளி செவுளுக்குப் பின்னால் உட்கார்ந்தது. இந்த வேலையைச் செய்து காட்ட இந்த ஊரில் இன்னொரு பிரஸ் இருந்தால் எனக்கு விலாசம் கொடுங்கள்.

வேலை முடிந்ததும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஏம்மா, வால் புள்ளி சரி. ஒத்துக்கிடுதேன். அந்தச் செவுள் புள்ளி என் கண்ணுக்கு இன்னும் அழுக்காத்தான் தெரியுது. கெண்டைன்னா எல்லாம் ஒரே கெண்டைதானம்மா."

"நீங்களும் அவுக கட்சியா மாமா?" என்று கேட்டாள். சிரிக்கவில்லை. சார்ட்டுகளை ஒன்றின்மேல் ஒன்று ஒட்டாமல் இடையில் தாள் போட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள்.

எனக்கு அது சுருக்கென்றது. ஆனாலும் என் கண் என் கண்தான். சார்ட்டுகளை நானே கொண்டுவருகிறேன் என்று அவளை அனுப்பிவிட்டு இரண்டு போன் போட்டேன். இருக்கன்குடிப் பக்கம் வலை போடுகிற ஒருவர் எனக்குப் பழக்கம். மலையடிவாரத்தில் வத்திராயிருப்புப் பக்கம் ஒரு கண்மாயில் மீன் குத்தகை எடுத்தவரும் பழக்கம். எனக்குப் பழக்கம் இல்லாத ஆள் இந்த ஜில்லாவில் குறைவு. ஆளுக்கு நாலு கெண்டை உயிரோடு வேண்டும் என்றேன்.

"உயிரோடயா அண்ணாச்சி? குழம்புக்கு இல்லையா?"

"விசாரணைக்கு."

காலையில் இரண்டு பேரும் ஆள் அனுப்பிவிட்டார்கள். பெயிண்ட் வாளி இரண்டு. வாசலில் வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். இருக்கன்குடி வாளியில் வால் பக்கம் ஒரு புள்ளி. வத்திராயிருப்பு வாளியில் நாலு கெண்டை சுற்றிச் சுற்றி வந்தது. நாலுக்கும் வாலில் ஒன்று, செவுளுக்குப் பின்னால் ஒன்று. ஒன்றைக் கையில் பிடித்து, எச்சில் தொட்டுத் தேய்த்தும் பார்த்தேன். போகவில்லை.

எதிரில் இருந்த என் வீட்டுக்காரி, "என்ன, பேச்சையே காணோம்?" என்று கேட்டாள்.

"மீனுக்கு மூச்சு முட்டுதான்னு பாத்தேன்," என்றேன். வாளிகளைத் திருப்பி அனுப்ப நேரமில்லை என்று காரின் பின்னால் ஏற்றிக்கொண்டு, சார்ட்டுகளோடு விருதுநகருக்குக் கிளம்பினேன்.

கல்லூரி ஹாலில் ஒரு சார்ட்டை வாங்கித் தொங்கவிட்டார்கள். பிள்ளைகள், டீச்சர்கள் எல்லாம் கூட்டமாக நின்றார்கள். பேராசிரியர் வந்தார். ஒல்லியான மனிதர், தோளில் ஒரு துணிப்பை. அவர் சார்ட்டைப் பார்த்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. மேலிருந்து கீழாக, ஒவ்வொரு மீனாக, என்னைப் போலவே பார்த்தார். கெண்டைக்கு வந்து நின்றார்.

"இரண்டு புள்ளி," என்றார்.

"ஆமாங்க சார். மேல் கண்மாய்கள் எல்லாத்துலயும் இதுதான். இருக்கன்குடிக்குக் கீழ ஒண்ணுகூடக் கிடைக்கல," என்றாள் என் மருமகள்.

"போட்டோவில் இப்படித்தான் வரும் அம்மா. நான் பார்த்தவரை..." என்று சொல்லிக்கொண்டே அந்தச் செவுள் புள்ளியின் மேல் விரலை வைத்தார். வைத்து, லேசாக ஒரு இழுப்பு இழுத்தார்.

புள்ளி அவர் விரலோடு வந்துவிட்டது.

மீனின் உடம்பில் வால் நட்சத்திரம் மாதிரி ஒரு கறுப்புக் கோடு. அவர் விரல் நுனியில் மை. பின்னால் யாரோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது, அப்புறம் நாலைந்து சிரித்தன. அவர் விரலைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இது மீன் வைத்த புள்ளியா அம்மா, நீங்கள் வைத்த புள்ளியா?"

"அச்சுல விட்டுப்போச்சுங்க சார். அதனால..." என்று தொடங்கினாள். எப்படிச் சொன்னாலும் புள்ளியை இவளாகச் சேர்த்த மாதிரிதான் ஆகும் என்பது பாதியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்திக்கொண்டாள்.

நான் அந்த ஹாலை விட்டு ஓடினேன். ஓடினேன் என்றால் என் வயசுக்கு எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு. காரின் பின்கதவைத் திறந்து இரண்டு வாளியையும் இரண்டு கையில் தூக்கிக்கொண்டு, வேட்டி எல்லாம் தண்ணீர் தெறிக்க, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தேன். ஹாலுக்கு நடுவில் வைத்தேன்.

"சார், நான்தான் பிரஸ்காரன். தாள்ல இருக்கிற புள்ளி நான் வச்சது. இந்தா, இதுல இருக்கிறது சாமி வச்சது. அதே விரலால தேச்சுப் பாருங்க."

மருமகள் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுத முடியாது. வாளி எப்படி வந்தது, எதற்காக வந்தது என்று அவளுக்கு ஒரு நிமிஷத்தில் விளங்கியிருக்கும். அவள் புத்திசாலி.

பேராசிரியர் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தரையில் குந்தினார். வத்திராயிருப்பு வாளியில் கைவிட்டு, ஒரு கெண்டையை ஈரக் கையிலேயே நோகாமல் ஏந்தினார். விரலைத் தன் வேட்டியில் துடைத்துக்கொண்டு தேய்த்தார். திருப்பி மறுபக்கம் தேய்த்தார். அங்கேயும் புள்ளி இருந்தது. விட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார். அப்புறம் இருக்கன்குடி வாளிக்கு வந்தார். இரண்டு வாளிக்கும் நடுவில் குந்தியபடி, இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மேலே இருந்து கீழே ஒன்றுகூட வரவில்லையா?" என்று கேட்டார்.

"வெள்ளம் வந்த வருஷமும் பாத்துட்டேன் சார். வரல."

"துடுப்பில் முள்?"

அவள் சொன்னாள். அதற்குமேல் இருவரும் பேசியது எனக்குப் புரிகிற பாஷையில் இல்லை. முள், செதில், வரி என்று கேள்வியும் பதிலுமாகப் போனது. அவள் ஒரு கேள்விக்கும் திணறவில்லை. கடைசியில் அவர் எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னார்: "இரண்டுதான் அம்மா. நான் தண்ணீர் என்று நினைத்தேன். தண்ணீர் இல்லை."

இவ்வளவு பெரிய மனிதர் இவ்வளவு சின்ன வாக்கியத்தில் ஒப்புக்கொண்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் வாளிகளைத் தூக்கினேன். கல்லூரி வாசலில் ஒரு அல்லிக் குளம் இருந்தது. இரண்டையும் அதில் கொட்டிவிட்டுக் கை கழுவலாம் என்று போனேன். பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"மாமா, அங்கன ஊத்திறாதீக."

"ஏம்மா, தண்ணியிலதானே விடப்போறேன்."

"எந்தத் தண்ணியில பிடிச்சதோ அந்தத் தண்ணியிலதான் விடணும். கீழாத்து மீனு மேல போயி, மேலாத்து மீனு கீழ வந்துச்சுன்னா, அடுத்த வருஷம் நானே வந்து பாத்துட்டு, ரெண்டும் ஒண்ணுதான்னு எழுதிருவேன்."

"இருக்கன்குடி ஒரு மூலை, வத்திராயிருப்பு ஒரு மூலைம்மா. எட்டு கெண்டைக்கு டீசல் போட்டுச் சுத்தச் சொல்றியா?"

"பிடிச்சாரச் சொன்னது யாரு?"

வாளிகளை மறுபடியும் காரில் ஏற்றினேன். "அந்தச் செவுள் புள்ளி..." என்று அவள் ஆரம்பித்தாள். "வெயில் ஏறுதும்மா, மீனுக்கு ஆகாது," என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன்.

இருக்கன்குடி வேலை சீக்கிரம் முடிந்தது. வத்திராயிருப்பு போய்ச் சேரும்போது வெயில் மலைப்பக்கம் சாய்ந்திருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கண்மாய்க் கரையில் இறங்கி, வாளியைச் சாய்த்துத் தண்ணீரில் பிடித்தேன். மூன்று கெண்டை வெளியே பாய்ந்துவிட்டது. ஒன்று மட்டும் வாளி ஓரத்திலேயே நின்று யோசித்துக்கொண்டிருந்தது.

கரையில் மாடு பத்திக்கொண்டு வந்த ஒருவர் நின்று பார்த்தார். "என்ன அண்ணாச்சி, நேத்திக்கடனா? அம்மன் கோயிலுக்கு ஆடு கோழி விடுவாக. மீனு விடுறத இப்பத்தான் பாக்கேன்."

"நேத்திக்கடன் இல்லய்யா. நம்ம வீட்டுல ஒரு விசேஷம். இவுக வந்து சாட்சி சொல்லிட்டுப் போறாக. விருந்தாளிய அவுக ஊர்ல கொண்டாந்து விடணும்லா?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மாட்டைத் தட்டினார். நான் வாளியை இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். கெண்டை திரும்பி, இரண்டு புள்ளியையும் காட்டிவிட்டுக் கலங்கலுக்குள் போனது.